கப்பல் துறைமுகத்தில் நகை வாங்கலாமா? – கேள்வி-பதில்

கேள்வி: நானும் என் கணவரும் அடுத்த மாதம் கரீபியன் தீவுகளுக்கு 7 நாள் கப்பல் பயணம் போகிறோம். செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், நசாவு ஆகிய மூன்று இடங்களில் கப்பல் நிற்கும். எங்கள் 25ஆம் திருமண நாளுக்கு ஒரு வைர மோதிரம் அங்கே வாங்க ஆசை. கப்பலிலேயே கூட்டம் நடத்தி, எந்தக் கடையில் வாங்கலாம் என்று சொல்லி வரைபடமும் தருவார்களாம். அந்தக் கடைகளுக்கு உத்தரவாதம் உண்டு என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: திருமண நாள் வாழ்த்துகள். வாங்குங்கள், ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

பொதுவாக அந்த வரைபடத்தில் இடம்பெறும் கடைகள் அதற்காகப் பணம் கட்டியவை. சிறிய எழுத்தில் அங்கேயே அச்சிட்டிருப்பார்கள், தேடிப் படியுங்கள். மேடையில் பேசுபவரின் வேலையும் விற்பனையை வளர்ப்பதுதான். அதனால் அந்தக் கடைகள் மோசமானவை என்று அர்த்தமில்லை. பட்டியலில் இருப்பது நல்ல கடை, இல்லாதது கெட்ட கடை என்று நினைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதி வந்துவிடுகிறது. அது எதற்கு உத்தரவாதம் என்று கேளுங்கள். பெரும்பாலும் கொக்கி உடைவது, கல் கழன்று விழுவது போன்ற செய்முறைக் குறைகளுக்குத்தான் இருக்கும். "அதிக விலை கொடுத்துவிட்டேன்", "வீட்டுக்கு வந்து பார்த்தால் பிடிக்கவில்லை" என்பதெல்லாம் அதில் வராது. எத்தனை நாள், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அச்சிட்ட தாளில் பார்த்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். துறைமுகத்தில் வாங்குபவருக்குப் பெரிய எதிரி போலிக் கல் அல்ல, கடிகாரம். கப்பல் சில மணி நேரம்தான் நிற்கும், கிளம்புவதற்கு அரை மணி அல்லது அதற்கும் முன்பே ஏறிவிட வேண்டும். இது உங்களைவிடக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்பது அவருக்கு மனப்பாடம். கடைசி ஒரு மணி நேரத்தில் மேலாளர் வந்து "உங்களுக்காக மட்டும்" என்று ஒரு விலை சொல்வார். அந்த நேரத்தில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. ஆகவே முடிவு செய்யும் வேலையைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எப்படி என்றால், இப்போதே உங்கள் ஊரில் இரண்டு கடைகளுக்குப் போய் நீங்கள் நினைக்கும் மோதிரத்தைப் போட்டுப் பாருங்கள். உலோகத்தின் தரம், கல்லின் எடை, நிறம், தெளிவு, பட்டை, சான்று கொடுத்த ஆய்வகம், விலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு இறங்கினால், "கடையில் போட்டிருக்கும் விலையில் 70 சதவீதம் தள்ளுபடி" என்பது உங்களை அசைக்காது. தள்ளுபடிக்கு முந்தைய விலையை நிர்ணயித்ததும் அதே கடைதானே.

எடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதாவது 100 பாயிண்ட். "ஒரு காரட் மோதிரம்" என்றால் ஒற்றைக் கல்லா, பொடிக் கற்கள் எல்லாம் சேர்ந்த மொத்த எடையா என்று கேளுங்கள். இரண்டுக்கும் விலை ஒன்றாக இருக்கவே முடியாது. பெரிய கல்லுக்குக் காரட்டுக்கான விலையே அதிகம்.

சான்று ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற, கடையைச் சாராத தனி ஆய்வகத்துடையதாக இருக்கட்டும். பல கற்களின் இடுப்பு விளிம்பில் சான்று எண்ணை லேசரில் பொறித்திருப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கேட்டு வாங்கி அந்த எண்ணைப் பாருங்கள். பிறகு அதே எண்ணை ஜிஐஏ இணையதளத்தில் போட்டு, கையில் உள்ள தாளோடு ஒப்பிடுங்கள். சங்கடப்படாதீர்கள், நல்ல கடைக்காரர் தாமே எடுத்துக் காட்டுவார்.

பில்லில் உலோகம், அதன் தரம், எடை, கல் இயற்கையா ஆய்வகத்தில் வளர்த்ததா, எடை எவ்வளவு, கல்லைச் சூடாக்கியது, கண்ணாடி நிரப்பியது போல என்ன பக்குவம் செய்திருக்கிறார்கள், சான்று எண், திருப்பித் தரும் நிபந்தனை, கடையின் முழு முகவரி எல்லாம் இருக்க வேண்டும். மோதிரத்தின் உட்புறம் முத்திரையையும் பாருங்கள். 585 என்றால் 14 காரட் தங்கம், 750 என்றால் 18 காரட், 950 பெரும்பாலும் பிளாட்டினம், 925 வெள்ளி. கடைக்காரர் வாயால் சொன்னது உங்களோடு கப்பல் ஏறி வராது. எழுதித் தர மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். பெரிய கடைகளுக்கு அடுத்தடுத்த துறைமுகங்களிலும் கிளைகள் இருப்பது சகஜம். இன்று விட்டால் போயிற்று என்று பதற வேண்டாம்.

கேள்வி: கோசுமெல் துறைமுகத்தில் ஒரு டான்சனைட் மோதிரம் வாங்கினேன். "உலகத்தில் ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது, சீக்கிரம் தீர்ந்துவிடும், இது முதலீடு" என்றார்கள். நான் கொடுத்ததைப் போல் மூன்று மடங்கு மதிப்பு போட்டு ஒரு மதிப்பீட்டுச் சான்றும் தந்தார்கள். ஊரில் விற்கக் கேட்டால் மிகக் குறைவாகச் சொல்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

பதில்: அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. டான்சனைட் 1967இல் தான்சானியாவில், கிளிமஞ்சாரோ மலைக்கு அருகே உள்ள மெரெலானி குன்றுகளில் கண்டெடுக்கப்பட்டது. வணிக அளவில் இன்றும் அங்கிருந்துதான் வருகிறது. 1968இல் அதற்கு இந்தப் பெயர் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது டிஃபனி நிறுவனம். பழுப்புக் கல்லைச் சூடாக்கினால் நீலமும் ஊதாவும் வரும். கடையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே சூடாக்கியவைதான், அதில் ஏமாற்று ஒன்றுமில்லை.

ஒரே இடத்தில் கிடைக்கிறது என்பதால் மட்டும் விலை ஏறாது. வாங்க ஆள் வேண்டும். அநேகமாக எந்த வண்ணக் கல்லைத் திரும்ப விற்கப் போனாலும் கடையில் கொடுத்த விலை கிடைக்காது. விற்றவரே எழுதித் தந்த மதிப்பீட்டை வைத்து விலையைத் தீர்மானிக்கவே முடியாது. அதைக் காப்பீட்டுக்கும் கொடுக்காதீர்கள். கூடுதல் மதிப்புக்குக் கூடுதல் பிரீமியம் கட்டுவீர்கள், நஷ்டம் வந்தால் அந்தத் தொகை முழுதாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நகை விற்காத, வாங்காத ஒரு ரத்தினக் கல் நிபுணரிடம் கட்டணம் கொடுத்துக் காட்டுங்கள். கல் டான்சனைட்தான் என்று அவர் சொன்னால், போலி வாங்கவில்லை, அதிக விலை கொடுத்துவிட்டீர்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

விற்கும்போது அவர்கள் சொல்லியிருக்க வேண்டியது வேறு. டான்சனைட் மென்மையான கல். வைரத்துக்கு 10 என்று வைத்திருக்கும் மோஸ் கடினத்தன்மை அளவில் சுமார் 6 முதல் 7 வரை. சாதாரணத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் அளவு 7. ஒரு திசையில் எளிதில் பிளக்கும் குணமும் அதற்கு உண்டு. என் சித்தி ஒருவர் தினமும் போட்டுக்கொண்டிருந்த மோதிரம் பாத்திரம் கழுவும் தொட்டி விளிம்பில் இடித்து, ஒரே வருடத்தில் மூலை உடைந்தது. ஆசையாகப் போட்ட நகை என்பதால் அவர் பட்ட வருத்தம் கொஞ்சமல்ல. அன்றாட மோதிரத்தைவிடத் தோட்டுக்கும் பதக்கத்துக்கும்தான் இந்தக் கல் ஏற்றது. ஒலியலை இயந்திரத்திலோ நீராவியிலோ சுத்தம் செய்ய விடாதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

கேள்வி: வைரத்தின் மேல் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்ததும் அது சத்தம் போட்டது. "பாருங்கள், அசல்" என்றார் கடைக்காரர். போதுமா?

பதில்: போதாது. சாதாரணக் கருவிகள் கல் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்று மட்டுமே பார்க்கும். வைரம் போலத் தோன்றும் மொய்சனைட் என்ற வேறு கல்லும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் அதற்கும் சத்தம் போட்டுவிடும். மின்சாரத்தையும் சேர்த்துச் சோதிக்கும் கருவி மொய்சனைட்டைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டும். ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேதியியலில் வைரமேதான், அதை இந்தக் கருவிகளால் பிரிக்கவே முடியாது. அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும். வளர்த்த வைரம் வாங்குவது தவறில்லை, விலையும் மிகக் குறைவு. அதை இயற்கை வைரத்தின் விலைக்கு விற்றால்தான் மோசடி. பில்லில் "இயற்கை" என்ற சொல்லை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கருப்புப் பவள நகையும் ஆமை ஓட்டு வளையலும் தீவுகளில் அழகாக இருக்கிறதாம். வாங்கிவரலாமா?

பதில்: ஆமை ஓடு வேண்டவே வேண்டாம். அழுங்காமையின் ஓட்டைச் சர்வதேச வணிகத்தில் விற்கவே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் தடை விதித்திருக்கிறது. திரும்பும்போது பறிமுதல் செய்வார்கள், வழக்கும் வரலாம். கருப்புப் பவளமும் அதே ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஏற்றுமதி அனுமதிச் சீட்டு தேவைப்படலாம். சீட்டு இல்லை என்று கடைக்காரர் சொன்னால் விட்டுவிடுங்கள். மிக மெதுவாக வளரும் உயிர் அது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் வகைகளும் உண்டு. எனக்கு அதை நகையாகப் பார்க்க மனம் வருவதில்லை.

தீவின் நினைவாகத்தான் வேண்டும் என்றால் டொமினிகன் குடியரசில் மட்டும் கிடைக்கும் லாரிமார் என்ற நீல நிறக் கல் இருக்கிறது. அது டான்சனைட்டைவிடவும் மென்மை, பதக்கமாக வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். "வரியில்லாக் கடை" என்றால் திரும்பும்போதும் வரி இல்லைதானே?

பதில்: இல்லை. கடை வரி கட்டவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அமெரிக்காவில் வசிப்பவர் கரீபியன் பயணம் முடிந்து வரும்போது பொதுவாக ஆளுக்கு 800 டாலர் வரைதான் வரிவிலக்கு. செயின்ட் தாமஸ் இருக்கும் அமெரிக்க விர்ஜின் தீவுகளில் வாங்கியிருந்தால் அது 1,600 டாலர் வரை போகும். வேறு நாட்டவர் தங்கள் நாட்டுச் சுங்க இணையதளத்தைப் பார்க்க வேண்டும். கையில் போட்டுக்கொண்டு வந்தாலும் அறிவிக்கத்தான் வேண்டும்.

"பில்லில் குறைத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். அது சட்டவிரோதம். அதோடு, பிறகு ஏதாவது தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் குறைந்த தொகைக்கானதுதான்.

கேள்வி: அலாஸ்காவில் கெட்சிகன், ஜூனோ போகிறோம். அங்கும் இதே கதையா?

பதில்: கிட்டத்தட்ட. அங்கே கப்பல் பருவம் மே முதல் செப்டம்பர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு பல கடைகள் மூடிவிடும். அக்டோபரில் புகார் சொல்ல யாரை அழைப்பது என்று வாங்கும்போதே கேட்டு, ஆண்டு முழுவதும் இயங்கும் முகவரியை எழுதி வாங்குங்கள். பூர்வகுடியினர் கைவேலை என்று விற்றால் 'வெள்ளிக் கை' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அலாஸ்கா பூர்வகுடிக் கலைஞர்களுக்கு மாநிலம் தரும் அடையாளம் அது.

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் துறைமுகக் கடையில் "இயற்கை மாணிக்கம்" என்று பெரிய கல் பதித்த மோதிரம் மலிவாகக் கிடைத்தது. அளவு மாற்ற ஊரில் கொடுத்தபோது, கண்ணாடி நிரப்பிய கல்லாக இருக்கலாம், நெருப்பு காட்ட மாட்டேன் என்று பொற்கொல்லர் திருப்பித் தந்துவிட்டார். கிரெடிட் கார்டில் வாங்கினேன். இப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பொற்கொல்லருக்கு நன்றி சொல்லுங்கள், நேர்மையானவர். விரிசல் நிறைந்த மட்டமான மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றிப் பளபளப்பாக்குவது இந்த வகை. லென்ஸில் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழிகளும் நீல மின்னலும் தெரியும். சூடும் அமிலமும் அந்தக் கண்ணாடியைக் கெடுத்துவிடும்.

கார்டில் வாங்கியது நல்லதாகப் போயிற்று. இந்த வாரமே ஒரு ரத்தின ஆய்வகத்தில் எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்குங்கள். பிறகு பில், கடையின் விளம்பரத் தாள், அறிக்கை மூன்றையும் இணைத்துக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒரு தேதி குறிப்பிட்டுப் பணத்தைத் திருப்பக் கேளுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசாதீர்கள். கப்பலின் பரிந்துரைப் பட்டியலில் இருந்த கடை என்றால் அந்தப் பட்டியல் நிறுவனத்துக்கும் நகல் போகட்டும். பதில் வராவிட்டால், சொன்ன பொருளும் தந்த பொருளும் வேறு என்று கார்டு கொடுத்த வங்கியில் முறையிடுங்கள். இதற்குக் கால வரம்பு உண்டு, கடை இழுத்தடித்தால் காத்திருக்காமல் வங்கிக்கு எழுதிவிடுங்கள். மோதிரத்தை அனுப்பச் சொன்னால், எல்லாப் பக்கமும் படம் எடுத்து, எடை போட்டு, காப்பீடு செய்த அஞ்சலில் மட்டும் அனுப்புங்கள்.

அதுவரை அதைப் போட்டுக்கொள்ள வேண்டாம். சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரித்துப்போகும்.