சவாரித் திடல் வளைவில் குழி விழுந்தால்

வணக்கம். மாட்டுவண்டிச் சவாரித் திடலில் மோட்டார் சைக்கிள் ஓட்டம் வைக்க வளைவில் குழி விழுகுது, கிரவல் போட்டும் நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். காய்ந்து இறுகின மண்ணுக்கு மேல் கிரவலைக் கொட்டினால் இரண்டும் ஒட்டாது. பின்சில்லு சுழன்றதும் பாளம் பாளமாகக் கழரும்.

கிரவலை வழித்து ஒதுக்குங்கோ. வளைவை உழவு இயந்திரத்தால் 15 சென்ரிமீற்றர் கிளறி, முதல்நாள் பின்னேரமே பவுசரால் நன்றாக ஊறவிடுங்கோ. ஓட்டத்துக்குச் சற்று முன் தண்ணி அடிக்கவே கூடாது; மேலே வழுக்கும், அடியில் புழுதிதான் இருக்கும், ஆள் விழுவது அப்போதுதான். காலையில் ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பாருங்கோ. உருண்டையாக நின்று, பெருவிரலால் அழுத்த உடைந்தால் பதம் சரி. கையில் ஒட்டிப் பிசுபிசுத்தால் இன்னும் காயவேணும். பதம் வந்தபின் வெளிவிளிம்பை உயர்த்தி மட்டம் பிடித்து றோலர் ஓட்டுங்கோ. உட்பக்கம் வாய்க்கால் கட்டாயம்.

அதே திடலில் பிறகு மாடும் ஓடுமென்றால் கிரவலைத் திரும்பப் போடவேண்டாம், கல் குளம்பைப் பதம் பார்க்கும். குதிரை ஓடும் மண்திடலில் இறுகிய அடிமண்ணுக்கு மேல் 7–10 சென்ரிமீற்றர் இளகின மண் வைத்திருப்பார்கள், காலில் ஏறும் அதிர்ச்சியை அது வாங்கும். மாட்டுக்கும் அதுதான் நல்லது.