பேஸ் கிடார் கேள்வி-பதில்: மழைக்காலத்தில் உயரும் கம்பியும் பலா மரத்தில் ஒரு பேஸும்

ஐப்பசி பிறந்ததும் என் பேஸில் கம்பிகள் உயர்ந்துவிடுகின்றன. 12ஆம் ஃபிரெட்டைத் (விரல் அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் உலோகக் கோடு) தாண்டினால் விரல் வலிக்கிறது. நெக் (ஃபிரெட்கள் பதித்த கழுத்துப் பகுதி) கெட்டுப்போய்விட்டதா? புதிது வாங்கிவிடலாமா? (வாசகர், சென்னை)

கெடவில்லை. வாங்கவும் வேண்டாம். மரம் ஈரத்தைக் குடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுப்பை எதிர்த்து நிற்பது நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டு. காற்றில் ஈரம் ஏறினால் பெரும்பாலும் நெக்கின் தலைப்பகுதி கம்பிப் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுபடும், கம்பி உயரும். அதே பேஸை நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் வைத்துப் பாருங்கள். நெக் நிமிர்ந்து, கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும்.

முதலில் சுருதி சேர்த்துவிடுங்கள். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது 7, 8ஆம் ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. அதைவிட அதிகமாக இருந்தால் டிரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அதைத் திருப்பும் ஆலன் கீ (அறுகோணச் சாவி) சரியான அளவில் இல்லையென்றால் கையே வைக்காதீர்கள். உள்ளே முனை தேய்ந்துவிட்டால் செலவு பெரிது.

நெக் சரியான பிறகுதான் பிரிட்ஜில் (உடலின் மேல் கம்பிகள் உட்காரும் தாங்கி) கம்பி உயரத்தைத் தொட வேண்டும். 12ஆம் ஃபிரெட்டில் மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ., தடித்த கம்பிக்கு 2.5 மி.மீ. என்று தொடங்குங்கள். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பேஸைக் குறை சொல்கிறார்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு மணி நேர வேலையே பதில்.

அப்பாவின் நண்பர் தச்சர். நன்றாக விளைந்த பலா மரம் வைத்திருக்கிறார். ஐந்து கம்பி பேஸ் ஒன்று செய்யச் சொல்லலாமா? (வாசகர், நாகர்கோவில்)

செய்யுங்கள், ஆசையாகச் செய்யுங்கள். நம் ஊர் வீணைக்கே பலாதான். ஆனால் ஒரு வேண்டுகோள்: உடலை மட்டும் அவரிடம் கொடுங்கள், நெக்கை ஆயத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

என் முதல் பேஸை முழுதாகவே ஒரு பட்டறையில் செய்வித்தேன். மரம் எவ்வளவு நாள் காய்ந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ஆறே மாதத்தில் நெக் முறுக்கிக்கொண்டது. டிரஸ் ராடால் வளைவைத் திருத்த முடியும், முறுக்கைத் திருத்த முடியாது. அந்த நெக் இன்றும் வீட்டில் சும்மா கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

நெக் கைக்கு வந்த பிறகே உடலை வெட்டச் சொல்லுங்கள். நெக் உட்காரும் பள்ளம் அரை மில்லிமீட்டர் அகன்றாலும் ஆடும். அப்புறம் பிரிட்ஜ் இருக்கும் இடம். கம்பியின் அதிரும் நீளம் வழக்கமான 34 அங்குலமாக இருந்தால், நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி உட்காரும் பட்டை) 12ஆம் ஃபிரெட் வரை 432 மி.மீ., அங்கிருந்து பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடம் வரை இன்னொரு 432 மி.மீ. தச்சரிடம் இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். தடித்த கம்பிகள் உட்காரும் இடத்தைப் பிரிட்ஜில் இன்னும் பின்னால் நகர்த்த வசதி தேவை என்பதையும் சொல்லுங்கள்.

ஐந்தாம் கம்பியின் 'பி' சுரம் நொடிக்குச் சுமார் 31 அதிர்வுதான். கம்பி தளர்ந்தால் சுரமே கலங்கும். 35 அங்குல நெக் கிடைத்தால் அதே கம்பியில் இழுவிசை 6 சதவீதம் கூடும் (அப்போது மேலே சொன்ன 432, 444.5 ஆகும்). 34 அங்குலமே கிடைத்தாலும் பரவாயில்லை, 0.130 அங்குலத் தடிமனில் 'பி' கம்பி போட்டால் நன்றாகவே பேசும்.

தோளில் மாட்டும்போது தலைப்பக்கம் சரியாமல் இருக்க வேண்டுமா? உடலின் மேல் கொம்பின் (தோள்வார் மாட்டும் நீட்சி) நுனியை 12ஆம் ஃபிரெட்டுக்கு நேராக வரும்வரை நீட்டச் சொல்லுங்கள். மொத்த எடை 4 கிலோவை ஒட்டி நின்றால் இரண்டு மணி நேரக் கச்சேரிக்குத் தோள் தாங்கும்.

ஜாஸ் பேஸ் என்ற மாடல் வாங்கினேன். ஒரு பிக்கப்பின் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) சத்தத்தைக் குறைத்தாலே 'ம்ம்ம்' என்று இரைகிறது. (வாசகர், திருச்சி)

அதன் பிறவிக் குணம். இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டையும் முழுதாக வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும், ஒன்றைக் குறைத்தால் அந்தச் சமன் போய்விடும். பிக்கப் உட்காரும் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டினால் 'கிர்ர்' என்ற மெல்லிய சத்தம் குறையும், இந்த 'ம்ம்ம்' போகாது. தொல்லையாக இருந்தால் ஒரே உறைக்குள் இரட்டைச் சுருள் வைத்த பிக்கப்புக்கு மாறுங்கள்.

ஆனால் கம்பியைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறதா, மைக்கில் உதடு பட்டால் சுரீரென்கிறதா? அது பெரும்பாலும் பேஸின் கோளாறு இல்லை, எர்த் கோளாறு. ஆம்பின் (ஆம்ப்ளிஃபையர்) பிளக்கில் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் சொருகி வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த பிளக்கில் எதையும் போடாதீர்கள்.

கிடார் ஆம்பில் பேஸ் போடலாமா?

வீட்டில் மெதுவாக வாசிக்கப் போடலாம். டிரம்ஸோடு போட்டி போடச் சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும்.

80களின் ராஜா பாட்டுகளில் வரும் அந்த உருண்டையான பேஸ் ஒலி வேண்டும். எந்த பிக்கப் மாற்றலாம்? (வாசகர், மதுரை)

பிக்கப்பை விட்டுவிடுங்கள். முதலில் ஃபிளாட்வவுண்ட் கம்பி (மேலே தட்டைப் பட்டை சுற்றிய வழவழப்பான கம்பி) போடுங்கள், டோன் குமிழைப் பாதிக்கு இறக்குங்கள், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகுங்கள். சுரம் தொடங்கியதும் வட்டமாக நின்று அடங்கும். அமெரிக்காவின் டெட்ராயிட்டில் மோடவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனும் ஃபிளாட்வவுண்ட் கம்பிதான் போட்டிருந்தார். அதையும் எளிதில் மாற்றமாட்டார், சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டுவார்.

அதற்கு மேல் இருப்பது கை. ராஜாவிடம் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த சசிதரனின் வாசிப்பை ஹெட்போனில் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் எங்கே நிறுத்தப்படுகிறது என்று மட்டும் கவனியுங்கள். தொடங்கும் இடம் சுலபமாகப் பிடிபடும், நிறுத்தும் இடத்துக்குத்தான் பயிற்சி வேண்டும்.

பத்து வயது மகள் பேஸ் கேட்கிறாள். விரல் எட்டுமா? (வாசகி, கோவை)

30 அங்குல ஷார்ட் ஸ்கேல் (கம்பி நீளம் குறைந்த) பேஸ் வாங்கிக் கொடுங்கள், தாராளமாக எட்டும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸும் அந்த அளவுதான், ஆகவே சின்னப் பிள்ளைப் பொருள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கம்பி வாங்கும்போது மட்டும் உறையில் ஷார்ட் ஸ்கேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நீளக் கம்பியை வெட்டிப் போட்டால் அதன் தடித்த பகுதியே முறுக்காணியில் சுற்றும், சுற்று பிரிந்து கம்பி வீணாகும்.