டாக்டர் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்: அமெரிக்காவில் பேச்சு தாமதமான குழந்தைக்கு உதவி

பையனுக்கு 22 மாதம், ஐந்தாறு சொல்தான் வருகிறது. டாக்டர் ‘இரண்டு வயது வரை பார்க்கலாம்’ என்கிறார், மாமியார் ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்கிறார். எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வந்து மூன்று மாதம், யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்றே போன் செய்யுங்கள் சகோதரி. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு ‘ஐடியா’ (IDEA) என்ற மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டப்படி எல்லா மாநிலத்திலும் எர்லி இன்டர்வென்ஷன், அதாவது வளர்ச்சி தாமதமான சின்னப் பிள்ளைகளுக்கான உதவிச் சேவை, உண்டு. பெயர் மட்டும் மாறும்: கலிஃபோர்னியாவில் எர்லி ஸ்டார்ட், மிச்சிகனில் எர்லி ஆன், கனெக்டிகட்டில் பர்த் டு த்ரீ. டாக்டர் சீட்டு வேண்டாம், பெற்றோரே கூப்பிடலாம். அந்தச் சட்டத்தில் விசா நிபந்தனை கிடையாது. பரிசோதனை இலவசம். தெரபிக்கு மட்டும் சில மாநிலங்களில் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குவார்கள், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்கள் கோரிக்கை அவர்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் பரிசோதனையும் முதல் திட்டக் கூட்டமும் முடிய வேண்டும். வாய்ஸ்மெயிலில் மட்டும் சொல்லிவிட்டு விட்டால் தேதிக்குச் சாட்சி இருக்காது. அன்றே ஒரு ஈமெயிலும் போட்டுவிடுங்கள். காது பரிசோதனைக்கும் இப்போதே நேரம் வாங்குங்கள். காதில் நீர் கோத்திருந்தாலும் பேச்சு தள்ளிப் போகலாம்.

பரிசோதனையில் நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி நடக்கும் தவறு மொழியில்தான். பந்தைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்பார்கள், பிள்ளை முழிக்கும், ‘புரியவில்லை’ என்று குறித்துக்கொள்வார்கள். வீட்டு மொழியில் பரிசோதிக்கக் கேட்பது உங்கள் உரிமை. போனில் பேசும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு வாரம் பிரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டி, அவன் சொல்வதை அப்படியே எழுதுங்கள்: ‘தா’, ‘ம்மா’, ‘காக்கா’. ‘ப்பூ’ என்பது தண்ணீரா பூவா என்று பக்கத்தில் குறியுங்கள். தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல் இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ‘வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் அவனுக்கு நிறையப் பேச்சு கிடைக்கும்.

தகுதி கிடைத்தால் ஐஎஃப்எஸ்பி (IFSP) என்ற திட்டம் எழுதுவார்கள், குழந்தைக்கும் குடும்பத்துக்குமான சேவைத் திட்டம் அது. ‘பேச்சு முன்னேறும்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ‘பசித்தால் கையைப் பிடித்து இழுக்காமல், சொல்லாலோ சைகையாலோ கேட்பான்’ என்று இருக்கட்டும். எந்தச் சேவை, வாரத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், எங்கே என்பதும் அதில் இருக்க வேண்டும். ஒன்றை ஏற்று இன்னொன்றை மறுக்கவும் செய்யலாம்.

தெரபிஸ்ட் பெரும்பாலும் வீட்டுக்கே வருவார். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர் விளையாட்டுக் காட்டிவிட்டுப் போவதால் மட்டும் பேச்சு வந்துவிடாது. அவர் செய்வதைப் பார்த்து நீங்கள் தினமும் செய்ய வேண்டும். சோப்புக் குமிழி டப்பாவை மூடியபடி கையில் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பார்வையோ சத்தமோ வந்தால் ‘திற’ என்று சொல்லித் திறங்கள். அந்த ஐந்து நொடி பேசாமல் இருப்பதுதான் நமக்குக் கஷ்டம்.

எர்லி இன்டர்வென்ஷனுக்கு நோய்ப் பெயர் தேவையில்லை. ஆனால் ஆட்டிசம் சந்தேகம் இருந்து, காப்பீட்டில் ஏபிஏ (ABA) என்ற நடத்தைப் பயிற்சித் தெரபி கேட்பதானால் மருத்துவ டயக்னோசிஸ் கேட்பார்கள். வளர்ச்சிக் குறைபாடு பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் காத்திருப்புப் பட்டியல் பல மாதம் ஓடும். எர்லி இன்டர்வென்ஷனுக்காக டயக்னோசிஸையோ, டயக்னோசிஸுக்காக எர்லி இன்டர்வென்ஷனையோ நிறுத்தி வைக்காமல் அங்கேயும் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது பிறந்தநாளோடு இந்தச் சேவை பொதுவாக நின்று, பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்கு (உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) போகும். அதற்குக் குறைந்தது 90 நாள் முன்பு மாற்றக் கூட்டம் நடக்க வேண்டும். தானாக நடக்கும் என்று இருக்காமல், இரண்டரை வயதிலேயே உங்கள் சேவைகளை ஒருங்கிணைக்கும் சர்வீஸ் கோஆர்டினேட்டரிடம் தேதி கேளுங்கள். அங்கே தகுதியை மறுபடி பார்ப்பார்கள். கிடைத்தால் பிறந்தநாளுக்குள் ஐஇபி (IEP) என்ற பள்ளிக்கான தனித் திட்டம் தயாராக இருக்க வேண்டும். பிறந்தநாள் கோடை விடுமுறையில் வந்தால், சேவை எந்தத் தேதியில் தொடங்கும் என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள்.