“பையன் சோம்பேறி” என்று சொல்லிவிட்டார்கள், இனி யாரிடம் கேட்பது?

இந்த முறை இந்தப் பகுதிக்கு வந்ததில் மூன்று கடிதங்கள் பிள்ளைகளின் படிப்பையும் வளர்ச்சியையும் பற்றியவை. முதல் கடிதத்தை அதிகம் வெட்டாமல் போடுகிறேன், மலேசியாவில் நம் தோட்டத்து வீடுகளில் பாதிப் பேர் இதைப் படித்துவிட்டு “இது நம்ம கதை” என்பார்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. வாய் பேசினால் பெரிய மனுசன் மாதிரி பேசுவான், தூரத்தில் லோரி சத்தம் கேட்டாலே யாருடைய லோரி என்று சொல்லிவிடுவான். புத்தகத்தை எடுத்தால் மட்டும் அழுகை. ‘கொக்கு’ என்று இருந்தால் ‘கெ’ என்று ஆரம்பித்து நின்றுவிடுகிறான், மலாய் எழுத்தில் பி-யும் டி-யும் மாறிப் போகிறது, பலகையைப் பார்த்து ஐந்து வரி எழுத ஒரு பாடவேளை போதவில்லை. பள்ளியில் கேட்டால் “பையன் சோம்பேறி, மூணாம் ஆண்டு போனா சரியாயிடும்” என்கிறார்கள். வீட்டுக்காரர் பிரம்பை எடுக்கிறார். மாமியார் முனீஸ்வரருக்கு வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். இவனைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி யாரிடம் கேட்க வேண்டும்? கேட்டால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்களா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பிரம்பை எடுத்துப் பரண்மேல் போடுங்கள். மாமியாரின் வேண்டுதல் அது பாட்டுக்கு நடக்கட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிஸ்லெக்சியாவாக, அதாவது புத்தி இருந்தும் எழுத்தைப் படிக்கத் திணறும் குறைபாடாக இருக்கலாம். கண் பார்வையாகவும் இருக்கலாம், காதில் அடைப்பாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்துக்கொண்டு நான் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் ‘கொக்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல குறிப்பு. தமிழில் அந்தக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது, காலையும் சேர்த்துப் பார்த்தால்தான் ‘கொ’. எல்லாப் பிள்ளைகளும் இங்கே கொஞ்ச நாள் தடுமாறுவார்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டிலும் அப்படியே நின்றால் பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகனுக்குச் சிறப்புத் தேவை இருக்கிறது என்று உறுதி சொல்லும் அதிகாரம் பள்ளிக்கு இல்லை. 2013-இல் வந்த சிறப்புக் கல்வி ஒழுங்குமுறைப்படி டாக்டரோ உளவியல் நிபுணரோ, கண், காது என்றால் அதற்குரிய நிபுணரோதான் உறுதி செய்ய வேண்டும். அதனால் “சோம்பேறி” என்று தீர்ப்பு சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் இல்லை, அது வேறு கதை. இன்னொரு பக்கம் டாக்டர் உங்கள் பையனை அரை மணி நேரம்தான் பார்ப்பார், வகுப்பில் அவன் எப்படித் திணறுகிறான் என்பது அவருக்குத் தெரியாது. பள்ளிக்கு டாக்டரின் தாள் வேண்டும், டாக்டருக்குப் பள்ளியின் தாள் வேண்டும், நடுவில் தூக்கிக்கொண்டு நடப்பது நீங்கள்தான். பல பெற்றோர் ஒரு பக்கம் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வருசக்கணக்கில் காத்திருக்கிறார்கள், ஏன் ஒன்றும் நகரவில்லை என்று அவர்களுக்குப் புரிவதே இல்லை.

பள்ளியில் வாயால் கேட்டதெல்லாம் போதும், இனி எழுதிக் கொடுங்கள். தலைமையாசிரியருக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம், தேதி போட்டு, இரண்டு பிரதி. ஒன்றை ஆபீசில் கொடுத்துவிட்டு மற்றதில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று சாப்பு, அதாவது முத்திரை, குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சாப்பு இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம் மாதிரிதான். கடிதத்தில் “என் மகன் பாவம்”, “யாரும் கவனிக்கவில்லை” என்றெல்லாம் எழுத வேண்டாம். எனக்கு எழுதினீர்களே ‘கொக்கு’, ஐந்து வரி, ஒரு பாடவேளை, அதை அப்படியே எழுதுங்கள். பிறகு மூன்று விஷயம் கேளுங்கள்: வகுப்பாசிரியரின் எழுத்துப்பூர்வமான அறிக்கை, பெமுலிஹான் (குறைநீக்கல்) ஆசிரியர் அவனைச் சோதித்துப் பார்ப்பது, பள்ளிகளில் வைத்திருக்கும் டிஸ்லெக்சியா சோதனைப் பட்டியலை நிரப்பித் தருவது. வாசிப்பு, எழுத்து, கணக்கில் தடுமாறும் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்காகத்தான் பெமுலிஹான் வகுப்பே இருக்கிறது, ஆகவே இது ஏதோ பெரிய சலுகை கேட்பதாக நினைத்துக் கூச்சப்படாதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் பிரதியோடு மாவட்டக் கல்வி இலாகாவுக்கு, அதாவது பி.பி.டி.க்குப் போங்கள். உங்கள் ஊருக்கு அது கோலாகங்சார். சிறப்புக் கல்வியைப் பார்க்கும் அதிகாரி யார் என்று கேட்டு நேரில் உட்காருங்கள்.

பள்ளி அறிக்கை வரும்வரை கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகாமல் இருக்க வேண்டாம், கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). பிள்ளையின் சுகாதாரப் புத்தகம், பிறப்புப் பத்திரம், அவனுடைய தமிழ், மலாய், கணக்கு நோட்டுகள் மூன்றையும் கொண்டுபோங்கள். சிவப்பு மையில் திருத்திய நோட்டு பத்து நிமிடப் பேச்சுக்குச் சமம். கண்ணையும் காதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குச் சூராட், அதாவது கடிதம், கொடுப்பார்கள், குழந்தை நல டாக்டரைப் பார்க்க. தேதி பல மாதம் தள்ளி விழலாம், ஒரு நாள் சம்பளமும் போகும், இருந்தாலும் அந்தத் தேதியை விடாதீர்கள், யாராவது வராமல் போனால் கூப்பிடச் சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். தனியாரிடம் சீக்கிரம் நடக்கும், ஆனால் பல நூறு வெள்ளி ஆகும், கடன் வாங்கி அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், வீட்டில் தமிழ், பள்ளியிலும் தமிழ் என்று. சோதனை மலாயிலோ இங்கிலீஷிலோ நடந்தால், கேள்வி புரியாமல் விழித்ததைக்கூடப் புத்தி குறைவு என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. தமிழ் தெரிந்த தாதி யாராவது இருந்தால் கூட நிற்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

பள்ளியை விட்டு அனுப்புவார்களா என்றால், இல்லை. இந்த நாட்டில் 2003-லிருந்து ஆரம்பக் கல்வி கட்டாயம். டாக்டர் உறுதி செய்தபின் பி.பி.கே.ஐ. எனும் தனிச் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்க்கலாம், அல்லது சாதாரண வகுப்பிலேயே உதவியோடு வைத்திருக்கலாம். பி.பி.கே.ஐ. எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் இல்லை, ஆகவே “பக்கத்து மலாய்ப் பள்ளிக்கு மாற்றிவிடுங்கள்” என்ற பேச்சு வரும். இவ்வளவு வாயாடுகிற பையனுக்குத் தனி வகுப்புதான் வேண்டுமா என்று திருப்பிக் கேளுங்கள். டிஸ்லெக்சியா மட்டும் என்றால் பெரும்பாலும் தன் வகுப்பிலேயே இருந்து படிக்கலாம், பெரிய பரீட்சையில் கூடுதல் நேரமும் கேட்டு வாங்கலாம். எங்கே போட்டாலும் மூன்று மாதம்வரை பரீட்சார்த்தமாக வைத்துப் பார்க்க அதே ஒழுங்குமுறையில் இடமுண்டு.

கேள்வி: பேத்திக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஓ.கே.யு. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிக் கார்டு, எடுக்கப் போகிறேன் என்கிறாள். நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி என்றால் இது குறுக்கே நிற்காதா?

பதில்: ஐயா, உங்கள் பேத்திக்கு என்ன வயது என்று எழுதவில்லை, ஆனால் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கார்டு கட்டாயமில்லை, விரும்பினால் பதிவது. பாரத்தில் ஒரு பகுதியை டாக்டர் நிரப்புவார், ஜே.கே.எம். எனும் சமூகநல இலாகாவில் கொடுக்க வேண்டும். தனிக் கார்டு, கோயிலில் யாரும் எடுத்துக் காட்டச் சொல்லப் போவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிச் செலவு குறையும். சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தால் கல்வி அமைச்சு மாதம் 150 வெள்ளி தருகிறது, அதையும் பள்ளியில் கேட்டு வையுங்கள். மகள் சரியான வழியில்தான் போகிறாள், நீங்கள் முடிந்தால் காரை ஓட்டிக்கொண்டு கூடப் போங்கள்.

கேள்வி: மூன்று வயதாகியும் மகள் நாலைந்து சொல்தான் பேசுகிறாள். தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்கிறார் நாத்தனார்.

பதில்: நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை, உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் அவள் காதில் விழும் பேச்சுதான் குறையும். மூன்று வயதில் நாலைந்து சொல் என்றால் காத்திருக்கக் கூடாது, இந்த வாரமே கிளினிக்குக்குப் போய்க் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். சுகாதாரப் புத்தகத்தில் ஒன்றரை வயதில் நிரப்ப வேண்டிய கேள்விப் பக்கம் ஒன்று இருக்கும், அது காலியாகக் கிடந்தால் அதையும் திறந்து காட்டுங்கள்.