சும்மா கிடைத்த தொப்பியைப் போடலாமா?

தம்பி, அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவுக்கு வந்து நாலு மாசம் ஆகுதுன்னு எழுதியிருந்தீங்க. உள்ளூர் பேஸ்பால் அணி சீஃப்ஸோட மேட்ச்சுக்குப் போனப்போ வாசல்ல ஒரு தொப்பி சும்மா குடுத்தாங்க, போட்டுக்கிட்டீங்க. தேசியகீதம் ஆரம்பிச்சதும் சுத்தி எல்லாரும் கழற்ற, உங்க தலையில மட்டும் இருந்திருக்கு. பக்கத்துல ஒரு பெரியவர் பார்த்த பார்வையில தொப்பியைப் பெட்டிக்குள்ள போட்டுட்டீங்க. ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வீட்டுச் சாப்பாட்டுக்கு வேற போகணும், எங்கே போடலாம், எங்கே கழற்றணும்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல, அந்தத் தொப்பியை வெளியே எடுங்க. தேசியகீதத்துக்கு என்ன செய்யணும்னு இங்கே சட்டத்துலயே எழுதியிருக்கு. ஆம்பளைங்க வலது கையால தொப்பியை எடுத்து இடது தோள் பக்கம் பிடிக்கணும், அப்போ கை தானா நெஞ்சு மேல வந்துடும். செய்யலைன்னா தண்டனை கிடையாது. நீங்க கழற்றிக் கையில வெச்சுக்கிட்டு நேரா நின்னாலே மரியாதைதான். சீக்கியர் தலைப்பாகை, முஸ்லிம் பெண்கள் தலைத்துணி இதெல்லாம் இந்தக் கணக்குல வராது.

எனக்கும் ஆரம்பத்துல இது சுருக்குன்னு இருந்துச்சு. பண்ணையார் எதிர்ல வந்தா தோள் துண்டை எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கணும்னு எங்க தாத்தா காலத்துல ஆளுங்களை வதைச்ச ஊர் எங்க ஊர். தலையில இருக்கிறதை எடுன்னா எனக்கு அந்த நினைப்புதான் வரும். அதை மாத்தினவர் இங்கே எங்க பக்கத்து வீட்டு விவசாயி. ஒருநாள் அவர் வண்டியில போய்க்கிட்டிருந்தோம். எதிர்ல ஒரு சவ ஊர்வலம், முன்விளக்கைப் போட்டுக்கிட்டு வரிசையா கார்கள். ஓரமா நிறுத்தித் தொப்பியைக் கழற்றி நெஞ்சுல வெச்சுக்கிட்டார். புருவம் வரைக்கும் வெயில்ல செம்பு மாதிரி கறுத்த முகம், அதுக்கு மேல நெத்தி மட்டும் வெள்ளை வெளேர்னு. தொப்பி உள்பட்டையில வேர்வை உப்பு கோடு கோடா படிஞ்சிருந்துச்சு. கடைசி கார் போனதும், "யாருங்க இறந்தது?"ன்னு கேட்டேன். "தெரியாது"ன்னு சொல்லிட்டு மாட்டிக்கிட்டார். அன்னையிலிருந்து எனக்கு அந்தச் சுருக் இல்லை. பண்ணையாருக்காக எடுக்கிறது வேற, இது வேற.

தேவாலயம், கோர்ட், துக்க வீடு, சாப்பாட்டு மேசை இங்கெல்லாம் கழற்றிடுங்க. பாஸ்போர்ட் போட்டோவுக்கும் கூடாது. சின்னப் பசங்க பர்கர் கடையில போட்டபடியே சாப்பிடுவாங்க, அதைப் பார்த்துப் பழகாதீங்க. பெண்களோட அலங்காரத் தொப்பிக்குப் பழைய வழக்கத்துல விலக்கு உண்டு, ஆனா பேஸ்பால் தொப்பின்னா அவங்களும் கழற்றுறதுதான் முறை.

அது ஓசித் தொப்பியாச்சேன்னு கூசவே வேண்டாம். இந்தப் பக்கத்துல விதை, தீவனம், டிராக்டர் விக்கிறவங்க விவசாயிகளுக்குத் தொப்பி குடுக்கிறது ரொம்ப நாள் பழக்கம். முன்னால ஸ்பாஞ்ச், பின்னால வலை, எந்தத் தலைக்கும் பொருந்துற பட்டை. "எனக்கும் ஒண்ணு குடு"ங்கிற அர்த்தத்துல "கிம்மி கேப்"னே பேர் வெச்சிருக்காங்க. டீகால்ப் விதைக் கம்பெனியோட இறக்கை முளைச்ச மக்காச்சோளக் கதிர் சின்னத்தை இங்கே பார்க்காம இருக்க முடியாது. எங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட அதுலயே வயலுக்கு ஒண்ணு, டவுனுக்கு ஒண்ணு இருந்துச்சு.

முன்னால என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பார்த்துக்கங்க. நீங்க வேலை பார்க்கிற பிளான்ட்டுக்குப் போட்டிக் கம்பெனி தொப்பியோட போகாதீங்க. நம்ம பியோரியா சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் நடுவுல இருக்கு, அதனால பேஸ்பால்ல பாதிப் பேர் சிகாகோ அணி கப்ஸ் பக்கம், பாதிப் பேர் செயின்ட் லூயிஸ் அணி கார்டினல்ஸ் பக்கம். சீஃப்ஸே 2012 வரைக்கும் கப்ஸோட கிளை அணி, 2013லிருந்து கார்டினல்ஸோட கிளை அணி. எந்தப் பக்கம் போட்டாலும் யாராவது வம்புக்கு இழுப்பாங்க, நல்லாப் பேச்சு வளரும். சிவப்புத் தொப்பியில வெள்ளை எழுத்துன்னா டிரம்ப் தேர்தல் வாசகம்னு தூரத்துலயே நினைச்சுக்குவாங்க, அரசியல் பேச விருப்பம் இல்லைன்னா அந்த மாதிரி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சீஃப்ஸ் தொப்பியைத் தாராளமாப் போட்டுக்கிட்டுப் போங்க. வாசப்படி தாண்டினதும் கழற்றிக் கோட்டு மாட்டுற இடத்துல மாட்டிடுங்க. சாப்பாட்டு மேசை மேல மட்டும் வைக்காதீங்க.