‘அம்மாவுக்கு வருத்தம்’ என்றால் என்ன?

கேள்வி: நான் மதுரைக்காரி. என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தோழி, ‘அம்மாவுக்குக் கடும் வருத்தம், ரெண்டு நாள் வரமாட்டேன்’ என்று செய்தி அனுப்பினாள். வீட்டில் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்து, ‘விடு, அவங்களே சமாதானம் ஆயிடுவாங்க’ என்று பதில் போட்டுவிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. வருத்தம் என்றால் சோகம்தானே?

பதில்: தப்பு உங்கள் பேரிலும் இல்லை, தோழி பேரிலும் இல்லை. இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம்தான். நோயாளி வருத்தக்காரர், நீரிழிவு சீனி வருத்தம். நாம் ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்கிற இடத்துக்கெல்லாம் அவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும்.

இதைக் கொச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருந்து என்ற வினையிலிருந்து பிறந்த சொல் இது. தான் நோவது வருந்துதல், பிறரை நோகச் செய்வது வருத்துதல். பழைய தமிழில் அந்த நோவு மனசுக்கு மட்டும் உரியதல்ல, உடம்பு படுகிற பாடும் வருத்தம்தான். 619ஆம் குறளைப் பாருங்கள்: ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.’ உடம்பு நோகப் பாடுபட்டால் அதற்கேற்ற கூலி உண்டு என்கிறார் வள்ளுவர். சோகத்துக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் மதுரைப் பேச்சிலும் இதன் மிச்சம் இருக்கிறது. ‘உடம்பை ரொம்ப வருத்திக்காதே’ என்கிறோம். ‘கல்யாணத்துக்கு வருந்தி வருந்திக் கூப்பிட்டார்’ என்கிறோம். கூப்பிட்டவர் அழவில்லை, மெனக்கெட்டார்.

நோய் என்ற சொல்லுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ‘பிறிதின்நோய் தந்நோய்போல்’ என்று 315ஆம் குறள் சொல்வது பிற உயிர் படும் துன்பத்தை. இன்று அந்தச் சொல் பெரும்பாலும் உடம்புக்கே போய்விட்டது. வருத்தமோ தமிழ்நாட்டில் மனசுக்கு வந்துவிட்டது.

வந்த இடத்தில் அதன் கனமும் குறைவு. தூர்தர்ஷனில் படம் நின்றுபோனால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று போட்டார்கள் அல்லவா, அந்த அளவுக்கும் இந்தச் சொல் வரும். ஆகவே சாவுச் செய்திக்கு வெறும் ‘வருத்தம்’ மெலிசாகப் படும். அங்கே துயரம், துக்கம், இரங்கல் எல்லாம் கைகொடுக்கும்.

சரி, தோழியிடம் இனி என்ன சொல்வது? ‘எனக்கு வருத்தமா இருக்கு’ என்று எழுதினால் உங்களுக்கும் காய்ச்சலோ என்று ஒரு கணம் யோசிப்பார். மனசு நோவதற்கு அவர்கள் சொல் கவலை. நமக்குக் கவலை பெரும்பாலும் நாளைக்கு என்ன ஆகுமோ என்பது. அவர்களுக்கு நடந்து முடிந்ததை நினைத்து நோவதும் கவலைதான். ‘கேட்டதும் கவலையாப் போச்சு, அம்மாவுக்கு இப்ப சுகமா?’ என்று இன்றே எழுதுங்கள். முடிந்தால் ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டு வாருங்கள். அதை அவர்கள் ‘வருத்தம் பார்க்கப் போறது’ என்பார்கள்.