ஆஸ்திரேலிய இதழ்க் கதைகள், மேரி ஃபார்ச்சூன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விக்டோரியா காலத்து ஆஸ்திரேலிய இதழ்களில் வந்த கதைகளைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். எனக்குத் தெரிந்தவரை காலனிய இதழ்க் கதை என்றால் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்தான். லாகூர் பத்திரிகையில் பத்தியை நிரப்ப எழுதிய கதைகளிலிருந்தே அவர் மேலே வந்தார். நீங்கள் சொல்லும் மெல்போர்ன் துப்பறியும் கதைகள் லண்டன் வார இதழ்களைப் பார்த்து எழுதிய மலிவுச் சரக்குதானே? ஆய்வாளர்களுக்கு உதவலாம். சாதாரண வாசகன் அவற்றை ஏன் படிக்க வேண்டும்? படிப்பதென்றால் எங்கே தொடங்குவது?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

கிப்ளிங்கைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவருக்கு வாய்த்த ஒன்று மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை. பத்திரிகையில் வந்த கதைகள் சூட்டோடு சூடாகப் புத்தகமாயின. 1888இல் அலகாபாத் வீலர் நிறுவனம் ரயில் பயணிகளுக்கென்று அவருடைய கதைகளை ஒரு ரூபாய்ப் புத்தகங்களாகப் போட்டது. அட்டையில் அவர் பெயர் இருந்தது. மறு ஆண்டே அவர் லண்டன் போய்விட்டார். புத்தகமும் பெயரும் இல்லாமல் இதழோடு இதழாகக் கிடந்தவர்களைத்தான் நாம் ‘மலிவுச் சரக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறோம்.

‘ஆஸ்திரேலியன் ஜர்னல்’ 1865இல் மெல்போர்னில் தொடங்கியது. முதலில் வார இதழ், சில ஆண்டுகளில் மாத இதழ். லண்டனின் மலிவுக் குடும்ப இதழ்களை முன்மாதிரியாக வைத்துத்தான் ஆரம்பித்தார்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கிப் படித்தவர்கள் யார் என்று பாருங்கள். 1851இல் தங்கம் கிடைத்தபோது, மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா காலனியின் மக்கள்தொகை சுமார் 77,000. பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஓர் ஊரில் தங்கம் தீர்ந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற கூட்டம். பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவன் யார், உண்மைப் பெயர் என்ன, எதற்காகக் கடல் தாண்டி வந்தான் என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் துப்பறியும் கதை என்பது இறக்குமதியான பொழுதுபோக்கு மட்டும் அல்ல, தினமும் மனதில் ஓடுகிற பயம். அந்த இதழில் ஒரே இதழில் முடிந்துவிடும் கதைகளுக்கு வரவேற்பு இருந்ததற்கும் இந்த அலைச்சல் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவனுக்குத் தொடர்கதை சரிப்படாது.

அந்த இதழில் ‘டபிள்யூ.டபிள்யூ.’ என்ற பெயரில் துப்பறியும் கதைகள் வந்துகொண்டே இருந்தன. மார்க் சின்க்ளேர் என்ற போலீஸ் துப்பறிவாளர் தன் அனுபவங்களைச் சொல்வதாக அமைந்த வரிசை, ‘துப்பறிவாளரின் ஆல்பம்’. 1860களின் கடைசியில் தொடங்கி 1908 வரை வந்தது, ஐந்நூறு கதைகளுக்கு மேல். எழுதியவர் போலீஸ் வேலை பார்த்த ஆண் என்று நினைக்கத்தான் அந்த எழுத்து இடம் கொடுத்தது. எழுதியது மேரி ஃபார்ச்சூன் என்ற பெண்.

பெல்ஃபாஸ்டில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அங்கேயே திருமணமாகி, 1855இல் சிறு மகனோடு தங்கவயலில் இருந்த தந்தையிடம் வந்து சேர்ந்தவர். கணவர் கூட வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்கு முதலெழுத்துகளை மட்டும் போட்டுக் கவிதை அனுப்பியிருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் ஆள் யாரென்று பார்க்காமலே உதவி ஆசிரியர் வேலை தருவதாகச் சொன்னார்கள், பெண் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது. 1858இல் குதிரைப் போலீஸ்காரர் ஒருவரை மணந்தார். அப்போது முதல் கணவர் கனடாவில் உயிரோடுதான் இருந்தார். போலீஸ்காரரோடும் வாழ்க்கை நீடிக்கவில்லை. ஆனால் கொட்டகைக் காவல் நிலையம் எப்படி நடக்கும், ஒரு தடயத்தை எந்தப் போலீஸ்காரர் தனக்கென்று ஒளித்துவைப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் கணவர் உயிரோடு இருக்கும்போதே இன்னொருவரை மணந்தது வெளியே தெரிந்தால் ஆபத்து. இரண்டெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை வெறும் கூச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லண்டன் இதழ்களைப் பார்த்து எழுதியவை என்று சொன்னீர்களே, அதற்குப் பதிலாக 1866 ஜனவரியில் வந்த ‘இறந்த சாட்சி’ என்ற கதையைச் சொல்கிறேன். காட்டுப்புறத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த இளம் புகைப்படக்காரன் ஒருவன் காணாமல் போகிறான். துப்பறிய வருகிறவர் அவன் விட்டுப்போன கண்ணாடிப் படத்தகடுகள் வழியாகத் தடம் பிடிக்கிறார். கடைசியில் காட்டுக் குட்டையின் தண்ணீரிலிருந்து பிணமே மேலே வந்து சாட்சி சொல்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் அச்சில் வருவதற்கு இருபத்தொரு ஆண்டுகள் முன்னால், புகைப்படத் தகட்டைத் தடயமாக வைத்து ஒரு பெண் எழுதிய கதை. அந்த மரங்களும் வெயிலும் சேறும் லண்டனிலிருந்து வந்தவை அல்ல. குறையும் உண்டு. தற்செயல்களை அளவுக்கு மீறி நம்புவார், உரையாடலை இழுப்பார். மாதம் தவறாமல் எழுதிப் பிழைத்தவரின் எழுத்தில் அது இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு கூடாரத்துக்குள் அவர் நுழைந்தால் அங்கே எது எந்த மூலையில் கிடக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

1874இல் விக்டோரியா போலீஸ் கெசட்டில் அவரைத் தேடி ஓர் அறிவிப்பு வந்தது. ஒரு வழக்கில் சாட்சியாக அவர் தேவைப்பட்டார். வயது சுமார் நாற்பது, உயரம், வெளிறிய முகம், ஒல்லி, கருப்புத் தொப்பி, பழைய காலணி என்று அடையாளம் சொல்லி, மிகவும் குடிப்பவர், பலமுறை பிடிபட்டவர், மெல்போர்ன் பத்திரிகைகள் பலவற்றுக்கு எழுதுகிறவர் என்றும் சொல்கிறார்கள். போலீஸ்காரனின் குரலில் நூற்றுக்கணக்கான கதை சொன்ன பெண்ணை, அவர் உயிரோடு இருந்தபோது அச்சில் இவ்வளவு நேராக வர்ணித்தது போலீஸ் குறிப்புதான். என்னால் அதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை. கண்பார்வை போய் எழுத்து நின்றபின் இதழ் அவருக்கு ஓய்வுத்தொகை கொடுத்தது. 1911இல் இறந்தபோது வேறொருவரின் கல்லறையில் அடக்கம் செய்யும் செலவையும் ஏற்றது. ஆனால் பெயர் மறைந்தே இருந்தது. பிறகு ஒரு புத்தகச் சேகரிப்பாளரிடம் மிஞ்சியிருந்த தாள்களின் வழியாகத்தான் ‘டபிள்யூ.டபிள்யூ.’ யார் என்பது வெளியே வந்தது.

இதழ்கள் பெயரை மட்டும் மறைக்கவில்லை, கதையிலும் கைவைத்தன. சிட்னியின் ‘புல்லட்டின்’ 1892இல் ஹென்றி லாசனின் ‘மாட்டுக்காரரின் மனைவி’யை வெளியிட்டது. குழந்தைகளோடு தனியாக இருக்கும் பெண், வீட்டுக்குள் நுழைந்த பாம்பு, விடிய விடியக் காவல். ஆஸ்திரேலியா அந்தக் கதையைக் கொண்டாடியது. அதே இதழ் 1896இல் பார்பரா பேன்டனின் கதையை ‘நாடோடி’ என்று பெயர் மாற்றி வெளியிட்டது. அதிலும் தனியான குடிசை, பெண், கைக்குழந்தை. வருவது பாம்பு அல்ல, ஆண். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, குதிரையில் போகிற ஒருவனிடம் உதவி கேட்டுக் கதறுகிறாள். அவனோ மாதா காட்சி கொடுத்ததாக நினைத்து நிற்காமல் போய்விடுகிறான். அவள் கொல்லப்படுகிறாள். அவன் ஏன் நிற்கவில்லை என்று சொல்லும் பகுதியை முழுவதுமாக வெட்டிவிட்டுத்தான் இதழ் அச்சிட்டது. அந்தப் பகுதி போனால் அது ஒரு கொலைக்கதை. அது இருந்தால், பெண்ணைத் தெய்வமாகப் பார்க்கிற கண்ணுக்கு எதிரில் சாகிற பெண் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு. 1902இல் லண்டனில் புத்தகமாக வந்தபோதுதான் கதை முழுதாகக் கிடைத்தது.

சாதாரண வாசகன் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். தனியாக விடப்பட்ட பெண்ணின் இரவை அந்தக் காலனியில் மரியாதைப்பட்ட தடிமனான நாவல்களுக்கு முன்பே சொன்னவை இந்த மலிவு இதழ்கள் என்று நான் நம்புகிறேன். ஓரளவு இடம் கொடுத்தன, ஓரளவு வெட்டின, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தொடங்க வேண்டுமென்றால் லாசன் கதையை முதலில் படியுங்கள், சின்னது. அன்றே பேன்டனின் கதையையும் படித்துவிடுங்கள். புத்தகத்தில் அதன் பெயர் ‘தேர்ந்தெடுத்த பாத்திரம்’, சுருக்கிய வடிவத்தில் படிக்காதீர்கள். அப்புறம் ‘இறந்த சாட்சி’. மூன்றும் காப்புரிமை முடிந்தவை, தேடினால் கிடைக்கும். ‘ஆல்பம்’ கதைகளுக்கு அதன் பிறகு வரலாம். அதில் மேரி ஃபார்ச்சூனின் சுமாரான கதைகளும் நிறைய உண்டு. முதலில் கையில் அகப்பட்டதை வைத்து அவரை எடைபோட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.